உற்றவனும் குற்றவாளியும்: தமிழில் காணக்கிடைக்கும் குழந்தை நிகழ்ச்சிகளில் நோயும் அறிவுரையும்

திறவுச்சொற்கள்: குழந்தைத் தொலைக்காட்சி, அசைவூட்டம், நோய், அறிவுரை, உழைச்செல்வான், மருந்து அதிகாரம், மணிமங்கலம்

முன்னுரை

குழந்தைகளுக்கான தொலைக்காட்சி பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரண்டு கவலைகளைச் சுற்றியே அமைகின்றன. ஒன்று வன்முறை, மற்றொன்று மொழிச்சிதைவு. சட்டத்தின் பார்வையும் இதற்கு வேறானதன்று. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள் (1994) குழந்தை நிகழ்ச்சிகளில் தகாத சொற்களும் வெளிப்படையான வன்முறைக் காட்சிகளும் இடம்பெறாதவாறு கவனம் கொள்ளப்பட வேண்டும் என்கின்றன. 2008ஆம் ஆண்டில் ‘ஷின்சான்’ தொடர் இந்தியாவில் நிறுத்தப்பட்டபோதும் பேசப்பட்டது அச்சிறுவனின் வாய்த்துடுக்கும் நடத்தையுமே. ஒரு நிகழ்ச்சி குழந்தைக்குத் தீங்கு செய்யுமானால் அது கெட்ட சொல்லாலோ கெட்ட செயலாலோதான் நேரும் என்பது இப்பார்வையின் அடிப்படை. நல்ல சொல்லாலும் நல்ல அறிவுரையாலும் தீங்கு நேரக்கூடும் என்ற எண்ணத்திற்கு அதில் இடமில்லை.

இக்கட்டுரை அத்தகைய ஒரு தீங்கை எடுத்துக்கொள்கிறது. குழந்தை நிகழ்ச்சிகளில் நோய் எவ்வாறு வருகிறது, யாருக்கு வருகிறது, வந்தபின் சுற்றியிருப்போர் என்ன செய்கின்றனர் என்பவற்றைப் பார்க்கும்போது, நோயுற்ற குழந்தை ஏறக்குறைய எப்போதும் ஏதோ ஒன்றைச் செய்த குழந்தையாகவே இருப்பது தெரிகிறது. மழையில் ஆடியது, இனிப்பைத் திருடித் தின்றது, கைகழுவாமல் உண்டது, பெரியோர் சொல்லைத் தட்டியது. நோய் அங்கே உடலின் நிலையாக வராமல் நடத்தைக்கான மதிப்பெண்ணாக வருகிறது. எதுவும் செய்யாமலே நோயுற்ற குழந்தை, அதாவது பிறவி இதயக் குறைபாடோ வலிப்போ முதல்வகை நீரிழிவோ உள்ள குழந்தை, இக்கதைகளில் கால்வைப்பதேயில்லை. நடத்தையைத் திருத்துவதற்குப் பயன்படாத நோய் கதைக்கு வேண்டாதது ஆகிவிடுகிறது.

‘தமிழில் காணக்கிடைக்கும்’ என்று தலைப்பில் குறித்ததற்குக் காரணம் உண்டு. கார்ட்டூன் நெட்வொர்க் 1995இலும் போகோ 2004இலும் இந்தியாவில் ஒளிபரப்பைத் தொடங்கின. அவற்றின் நிகழ்ச்சிகள் பின்னர்த் தமிழ்க் குரலிலும் கிடைக்கலாயின. 2007இல் தொடங்கப்பட்ட சுட்டி டிவி தமிழுக்கென்றே அமைந்த அலைவரிசையாக இருந்தபோதிலும் அதில் புகழ்பெற்றவை குரல்மாற்றப்பட்ட அயல்நாட்டுத் தொடர்களே. இன்று இவற்றோடு யூடியூபும் சேர்ந்துகொண்டது. சென்னையிலிருந்து இயங்கும் சூச்சூ டிவி (2013) போன்ற நிறுவனங்களின் பாடற்காட்சிகள் வீட்டுத் தொலைக்காட்சித் திரையிலேயே ஓடுகின்றன. மூன்று வயதுக் குழந்தைக்கு அலைவரிசைக்கும் யூடியூபுக்கும் வேறுபாடு தெரியாது. இக்கட்டுரையும் அவற்றை ஒன்றாகவே கொள்கிறது.

மருந்தின் நான்கு உறுப்புகள்

இத்தகைய ஆய்வுகளுக்குச் சூசன் சொண்டாக் 1978இல் எழுதிய ‘நோய் என்னும் உருவகம்’ பற்றிய நூலை அடிப்படையாகக் கொள்வது வழக்கம். நோயை நோயாளியின் குணத்தோடு முடிச்சுப்போடும் உருவகங்கள் நோயாளிக்கு இரண்டாம் துன்பமாகின்றன என்ற அவருடைய வாதம் இங்கும் பொருந்தும். எனினும் காசநோயையும் புற்றுநோயையும் முன்வைத்து எழுந்த அக்கருத்து, சளியும் காய்ச்சலும் வயிற்றுவலியும் நிறைந்த குழந்தை உலகத்திற்குச் சற்றே கனமான கருவி. திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய ‘மருந்து’ இதற்கு மேலும் கூரிய கருவி ஒன்றைத் தருகிறது.

அவ்வதிகாரம் நோயின் காரணமாக வாதம் முதலிய மூன்றின் மிகுதியையும் குறைவையும் சொல்லித் தொடங்குகிறது. அடுத்த ஆறு குறட்பாக்கள் அளவறிந்து உண்பதைப் பற்றியன. எனவே நடத்தைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்பது வள்ளுவர் கருத்தன்று. ஆனால் அவ்வறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. அது நோயில்லாமல் உண்ண அமர்ந்திருப்பவனுக்குச் சொல்லப்படுகிறது. நோய் வந்துவிட்ட பின்னர் வரும் இறுதி மூன்று குறட்பாக்களில் நடத்தை பற்றிய கேள்வி இல்லை. நோய் இன்னதென ஆராய்தல், காரணம் காணல், தணிக்கும் வழி தேடல், நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் கருதல் ஆகியவையே பேசப்படுகின்றன. கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன இவை. இந்நாற்பகுப்பு சரக சங்கிதையிலும் உண்டு. இந்திய மருத்துவ மரபின் பொதுச்சொத்து என்றே கொள்ளலாம். இவற்றுள் நான்காம் உறுப்பு மருத்துவ நூல்களுக்கு வெளியே அதிகம் பேசப்படாதது. இக்கட்டுரைக்கு அதுவே முதன்மையானது.

ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு இந்நான்கும் எங்கே இருக்கின்றன, எது பெருத்திருக்கிறது, எது காணாமற்போயிருக்கிறது என்று கேட்டால் அந்நிகழ்ச்சி நோயை எதற்காகப் பயன்படுத்துகிறது என்பது வெளிப்பட்டுவிடும்.

குரங்குக் குட்டிகளும் பொம்மையும்

மழலைப் பாடற்காட்சிகளின் தொகுப்பில் அடுத்தடுத்து வரும் இரண்டு பாடல்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஆங்கில மரபுப் பாடல்கள். இரண்டும் பல நிறுவனங்களால் அசைவூட்டக் காட்சிகளாக்கப்பட்டு நம் வீடுகளில் மனப்பாடமாகியிருப்பவை.

முதலாவது, கட்டிலில் குதிக்கும் ஐந்து குரங்குக் குட்டிகள் பற்றியது. ஒன்று விழுந்து தலையில் அடிபடுகிறது. தாய் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கிறாள். இனிக் குட்டிகள் கட்டிலில் குதிக்கக்கூடாது என்கிறார் மருத்துவர். அடுத்த குட்டி விழுகிறது. அதே அழைப்பு, அதே விடை. ஐந்தும் தீரும்வரை இது தொடர்கிறது. இங்கே தீர்ப்பான் இருக்கிறான். ஆனால் அவன் எதையும் தீர்க்கவில்லை. அடிபட்ட குட்டியை அவன் பார்க்கவில்லை, வீக்கம் எவ்வளவு என்று கேட்கவில்லை, கட்டுப்போடச் சொல்லவில்லை. அவன் தரும் ஒரே மருந்து ஒரு தடை. அதுவும் அடிபட்ட குட்டிக்குரியதன்று; இன்னும் குதித்துக்கொண்டிருக்கும் குட்டிகளுக்குரியது. அடிபட்டது அடுத்த சுற்றில் எண்ணிக்கையிலிருந்தே நீங்கிவிடுகிறது. உற்றவன் மற்றவர்க்குப் பாடமாகிக் காட்சியை விட்டு வெளியேறுகிறான். உழைச்செல்வான் என்று ஒருவரும் இல்லை. தாய்க்குத் தொலைபேசியே வேலையாகிவிடுகிறது. எண்ணிக்கை கற்பிக்க எழுந்த பாடலில் இவ்வளவு தேடலாமா என்று கேட்கப்படலாம். எண்ணிக்கை கற்பிக்க ஐந்து மாம்பழங்களும் போதும். மாம்பழத்திற்கு மாறாக அடிபடும் குட்டிகளைத் தேர்ந்த உடனேயே பாடல் இன்னொன்றையும் கற்பிக்கத் தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது, பாலி என்னும் சிறுமியின் பொம்மைக்கு உடல்நலம் குன்றியது பற்றியது. பொம்மை ஏன் நோயுற்றது என்று பாடல் சொல்வதில்லை. அது எதையும் தின்னவில்லை, எங்கும் குதிக்கவில்லை, யார் சொல்லையும் மீறவில்லை. பாலி மருத்துவரை விரைந்து வருமாறு அழைக்கிறாள். அவர் பையும் தொப்பியுமாக வந்து கதவைத் தட்டுகிறார், பொம்மையைப் பார்க்கிறார், தலையசைக்கிறார், படுக்கவைக்கச் சொல்கிறார், மருந்துச்சீட்டு எழுதுகிறார், காலையில் மீண்டும் வருவதாகச் சொல்லிச் செல்கிறார். கட்டணச் சீட்டோடு வருவேன் என்று அவர் சொல்லும் வடிவமும் ஒன்று உண்டு. நம் பெற்றோருக்கு அதுவே அதிகம் புரியும். சில அடிகளுக்குள் நான்கு உறுப்புகளும் முழுமையாக அமைந்துவிட்டன. அதனினும் சிறப்பு, பாடும் குழந்தை இங்கே உழைச்செல்வானின் இடத்தில் நிற்பது. அது நோய்க்கு விடைசொல்ல வேண்டியதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்விரண்டனுள் முதற்பாடலின் கட்டமைப்பே குழந்தை நிகழ்ச்சிகளில் பெருவழக்காகியுள்ளது. பாலியின் பாடல் விதிவிலக்காகவே நிற்கிறது. குரங்குக்குட்டிப் பாடலின் உறவினர் பலர். தந்தை அறியாமல் சர்க்கரை தின்று அகப்பட்டுக்கொள்ளும் ஜானியின் பாடலில் உடல்நலக் கேடும் பொய்யும் ஒரே வாய்க்குள் இருக்கின்றன. வாயைத் திறந்து காட்டுவது பற்சோதனையா குற்ற விசாரணையா என்று பிரித்தறிய இயலாது. ‘டோரேமான்’ தொடரில் ஜியானின் பாட்டைக் கேட்டோரும் அவன் சமையலை உண்டோரும் சுருண்டு விழுவதும், அடுத்த காட்சியில் ஒன்றும் நேராததுபோல் எழுந்து நடப்பதும் வேறுவகை. அங்கே நோய் நகைச்சுவை. அதில் அறிவுரை இல்லாததால் தீங்கும் குறைவு என்றே தோன்றுகிறது.

நோயைப் பாசாங்காகக் கையாளும் கதைகளும் உண்டு. பள்ளிக்குச் செல்லாதிருக்க வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் சிறுவன் எல்லா மொழிக் கார்ட்டூனிலும் இருக்கிறான். இதன் வேர் பழையது. குரங்கின் ஈரலை வேண்டும் முதலையின் கதையிலும், கழுதையின் இதயத்தையும் செவியையும் மருந்தாக வேண்டும் பஞ்சதந்திரச் சிங்கத்தின் கதையிலும் நோய் பிறரை வஞ்சிக்கும் வழி. வலியென்று சொல்லும் குழந்தையை முதலில் ஐயுற வேண்டும் என்ற பழக்கத்தை இவ்வகை வளர்க்கிறது.

அறிவுரைத் துணுக்கின் இலக்கணம்

தொலைக்காட்சியில் அறிவுரை கதையின் வாலாகத் தனியே ஒட்டப்படும் முறை அமெரிக்காவின் ‘ஹீமேன்’ (1983) தொடரில் நன்கு நிலைபெற்றது. பொம்மை விற்பனைக்காகவே எடுக்கப்பட்ட தொடர் என்ற குறைகூறலுக்கு விடையாக ஒவ்வொரு கதைமுடிவிலும் ஒரு நற்போதனை சேர்க்கப்பட்டது. தூர்தர்ஷனில் 1997இல் தொடங்கிய ‘சக்திமான்’ இம்முறையை இந்தியப் பிள்ளைகளுக்குப் பழக்கியது. கதை முடிந்ததும் சக்திமான் தோன்றித் தவறு செய்த சிறுவனையோ சிறுமியையோ சுட்டிக்காட்ட, அவர்கள் வருத்தம் தெரிவித்துத் திருந்துவர். அக்காலப் பிள்ளைகள் பலருக்கு அத்தொடரின் கதைகள் மறந்துபோயும் அம்மன்னிப்பு வேண்டல் மட்டும் நினைவிலிருக்கிறது.

இத்துணுக்கின் இலக்கணம் ஏவல் வினை. செய், செய்யாதே என்பதே அதன் தொடரமைப்பு. நமது நீதிநூல் மரபுக்கு இது புதிதன்று. ஆத்திசூடியும் நோயை அண்டவிடாதிருக்குமாறு குழந்தைக்குக் கட்டளையிடுகிறது. ஏவலுக்கு ஓர் இயல்பு உண்டு: கட்டளை மீறப்பட்டால் மீறியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். உடல்நலத்தைக் கடமையாக்கிய மறுகணமே நோய் கடமை தவறியதன் சான்றாகிவிடுகிறது. ஆத்திசூடியின் ஓரடியில் இது ஒரு நெறியாகவே நின்றுவிடுகிறது. கதைவடிவத்தில் அந்நெறிக்கு ஒரு முகம் வேண்டும். அம்முகம் நோயுற்ற பிள்ளையின் முகம்.

குழந்தை உளவியல் இதனை வேறொரு பக்கத்திலிருந்து அணுகியுள்ளது. ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட குழந்தையின் அறத் தீர்ப்புப் பற்றிய நூலில், ஆப்பிள் திருடிய சிறுவன் ஓடும்போது உளுத்த பாலம் இடிந்து விழும் கதையைச் சொல்லிப் பிள்ளைகளின் விடைகளை ஆராய்கிறார். அவன் திருடாமலிருந்தால் பாலம் இடிந்திருக்குமா என்பது கேள்வி. இடிந்திருக்காது என்பதே இளம்பிள்ளைகள் பலரின் விடை. குற்றத்தைப் பொருள்களே தண்டிக்கும் என்ற இந்நம்பிக்கையை உள்ளார்ந்த நீதி எனலாம். வயது ஏற ஏற இது குறைகிறது. கிஸ்டர், பேட்டர்சன் ஆகியோர் 1980இல் இதனை நோயோடு பொருத்தி ஆராய்ந்தனர். நோய் எவ்வாறு தொற்றுகிறது என்று அறிந்த பிள்ளைகள், நோயைக் குற்றத்தின் விளைவாகக் கருதுவது குறைவு என்பது அவ்வாய்வின் முடிவு. 1988இல் மைக்கேல் சீகல் இன்னும் ஒருபடி மேலே சென்று, பள்ளி செல்லாத சிறு பிள்ளைகளே கூடச் சளிக்குக் குறும்பு காரணமென்ற விளக்கத்தை ஏற்பதில்லை என்று காட்டினார்.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் தெரிவது இது: காரணத்தை எடுத்துரைப்பதும் குற்றம் சாட்டுவதும் ஒன்றையொன்று விலக்கும் இரு வேலைகள். மழையில் நனைந்ததால் சளி பிடித்தது என்று முடியும் கதை காரணம் கூறுவதுபோல் தோன்றினாலும் உண்மையில் காரணத்தை மறைக்கிறது. சளியை உண்டாக்குவது வைரசு. அது இன்னொருவரிடமிருந்து வருகிறது. அந்த இன்னொருவரைச் சொன்னால் கதையில் குற்றவாளி இல்லாது போய்விடுவான். அதனால்தான் அவர் சொல்லப்படுவதில்லை. தானே ஓரளவு விலக்கிவிட்ட நம்பிக்கையைக் குழந்தைக்குத் திரும்ப ஊட்டும் வேலையைத்தான் இக்கதைகள் செய்கின்றன.

இது நம் மரபின் தொடர்ச்சிதானே என்று அமைதி கொள்வோர் உண்டு. மரபு அவ்வளவு ஒற்றைத்தன்மை உடையதன்று. பெரியபுராணத்தில் திருநாவுக்கரசரைப் பற்றிய சூலை நோய் இறைவன் தடுத்தாட்கொள்ளும் வழியாகச் சொல்லப்படுகிறது; மதம் மாறியதோடு அதனைத் தொடர்புபடுத்திப் படிக்க இடமுண்டு. ஆயினும் சேக்கிழார் காட்சியை நிறைத்திருப்பவர் தமக்கையார் திலகவதியார். நோயோடு இரவில் வந்து விழும் தம்பியை அவர் ஏற்றுத் திருநீறு தருகிறார். உழைச்செல்வாள் இன்றி அக்கதை இல்லை. வீட்டு வழக்கில் அம்மை நோயைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அம்மை கண்ட பிள்ளையிடம் நீ என்ன செய்தாய் என்று எவரும் கேட்பதில்லை. வாசலில் வேப்பிலை, படுக்கையில் வேப்பிலை, இளநீர், தாளிப்பில்லாத சமையல், வெளியார் வரத் தடை, நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் என்று வீடு முழுவதும் உழைச்செல்வான் ஆகிவிடுகிறது. வேண்டுதல் மறந்த குற்றம் பேசப்பட்டாலும் அது வீட்டின்மேல் விழுமேயன்றிப் பிள்ளையின்மேல் விழாது. மருத்துவம் மறுக்கப்பட்ட இடங்களில் இவ்வழக்கம் உயிரிழப்புக்கும் காரணமாயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. நோயுற்ற பிள்ளையை எப்படி நடத்துவது என்ற ஒன்றில் மட்டும் அது குரங்குக்குட்டி மருத்துவரைவிட மேலானது.

லட்டும் பானமும்

2008 முதல் போகோவில் வரும் ‘சோட்டா பீம்’ இந்திய அசைவூட்டத் தொடர்களில் மிகப் பரவியது. ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் தயாரிப்பது. டோலக்பூரின் பீம் லட்டு உண்டதும் வலிமை பெறுகிறான். பேராசைக்காரனான காளியா எவ்வளவு உண்டும் தோற்கிறான். ஒரே உணவு நல்லவன் வயிற்றில் ஆற்றலாகவும் மற்றவன் வயிற்றில் கேலிக்குரிய பருமனாகவும் மாறுகிறது. உடலே அறத்தின் அறிவிப்புப் பலகை என்பது இதன் உட்பொருள். இத்தொடரைக் காணும் பிள்ளை தன் மெலிவையோ பருமனையோ குணக்குறையாகப் படிக்கக் கற்கிறது. பீமுக்கு நோய் என்றால் என்னவென்று நினைத்துப் பார்க்க இத்தொடரின் உலகில் வழியில்லை.

கதை விட்ட இடத்திலிருந்து விளம்பரம் தொடங்குகிறது. குழந்தை அலைவரிசைகளில் கிருமிகளை மிக விரிவாகக் காட்டுபவை சோப்பு விளம்பரங்களே. வகுப்பில் சோர்ந்தமரும் பிள்ளையை ஊட்டச்சத்து பானம் உயரமும் கூர்மையும் உள்ளவனாக்கும் காட்சியும் நமக்குப் பழகியது. 2008இல் நேப்பாளத் தொலைக்காட்சி வழியாகப் பிரிட்டனில் காணக்கிடைத்த ஆர்லிக்சு விளம்பரம் ஒன்றை, அதன் கூற்றுக்கு ஆதாரமில்லை என்று அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் தடுத்தது. அதே விளம்பரப் பாணி இங்கே நெடுங்காலம் நடமாடியது. 2024 ஏப்ரலில்தான் போர்ன்விட்டா முதலிய பானங்களை இணைய விற்பனைத் தளங்களில் ‘உடல்நல பானம்’ என்ற பிரிவிலிருந்து நீக்குமாறு இந்திய வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது. கதையில் தவறு செய்ததால் நோயுற்ற பிள்ளை, விளம்பரத்தில் வாங்கித் தராததால் மெலிந்த பிள்ளையாகிறது. குற்றம் பிள்ளையிடமிருந்து தாய்க்கு நகர்கிறது, அவ்வளவே வேறுபாடு.

குற்றவுணர்வை எழுப்பும் முறை எல்லா இடத்திலும் தீயது என்பது இதன் பொருளன்று. போலியோ சொட்டு மருந்துக்காக அமிதாப் பச்சன் தோன்றிச் சினந்து கடிந்த விளம்பரங்கள் நினைவிருக்கலாம். அவை பெற்றோரைக் கடிந்தன. செய்யக்கூடிய ஒன்றைச் செய்யுமாறு, செய்யவேண்டிய நாளைக் குறித்துக் கடிந்தன. போலியோ வந்த பிள்ளையைக் கடியவில்லை. 2014 மார்ச் 27இல் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றதில் பெரும்பங்கு களப்பணியாளர்களுடையது. ஆனால் யாரைக் கடிவது என்பதில் அவ்விளம்பரங்களுக்கு இருந்த தெளிவு குழந்தைக் கதைகளுக்கு இல்லை.

மணிமங்கலத்துத் திரை

இவ்வாய்வுக்குக் களமாகிய மணிமங்கலம், பல்லவர் சாளுக்கியரை வென்ற போர்க்களமாக வரலாற்று நூல்களில் இடம்பெறும் ஊர். பெரிய ஏரியும் பழைய கோயில்களும் உள்ள இவ்வூர் இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆளனுப்பும் ஊர்களுள் ஒன்று. கம்பெனிப் பேருந்து விடியுமுன் வந்துவிடும். மூன்று ஷிப்டு முறையில் தாயும் தந்தையும் மாறிமாறிச் செல்லும் வீடுகளில் பிள்ளைக்கு நெடுநேரத் துணை திரையே. ஒரே வரிசை வாடகை வீடுகளில் ஒரு கதவுக்குள் பீம் தமிழ் பேசுவதும், அடுத்த கதவுக்குள் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த குடும்பத்தில் அதே பீம் இந்தி பேசுவதும் இங்கு இயல்பு. தெருவில் ஒருவரோடொருவர் பேச மொழியில்லாத பிள்ளைகளுக்கு இக்கதைகள் பொதுமொழி. கதை சொல்லும் அறமும் அவ்வாறே பொதுவாகிறது.

இங்கு மாலைநேரத் தனிப்பயிற்சி வகுப்பில் பாடம் சொல்லித்தந்த காலத்தில் கட்டுரையாளர் கண்ட ஒன்றைக் குறிப்பிடலாம். மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்குப் பனிக்காலத்தில் இழுப்பு வரும். ஒருநாள் அவன் மூச்சுவாங்கி அமர்ந்தபோது அருகிலிருந்த பிள்ளை சொன்னது: “ஐஸ் தின்னிருப்பான் அக்கா.” மற்றொன்று, “மழைல ஆடினான் அக்கா, நான் பாத்தேன்” என்றது. மழை பெய்து பல நாளாகியிருந்தது. மூச்சுக்கிடையே அச்சிறுவன் முதலில் சொன்னது தனக்கு என்ன செய்கிறது என்பதையன்று. “நான் தின்னலக்கா” என்றான். ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது. தொலைக்காட்சிதான் இதற்குக் காரணம் என்று நிறுவவும் இயலாது. வீட்டிலும் பள்ளியிலும் இவ்வறிவுரை உண்டு. ஆயினும் பிள்ளைகள் அடுக்கிய காரணங்கள் கதைகளின் காரணங்களாகவே இருந்தன. லாரிப் புழுதியோ அடுப்புப் புகையோ பரம்பரையோ அவர்கள் வாயில் வரவில்லை. உதவி கேட்க வேண்டிய நேரத்தில் உற்றவன் வழக்காடிக்கொண்டிருந்தான் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இவ்வட்டாரத்தில் நோய் எவ்வாறெல்லாம் வரும் என்பதற்கு நாடறிந்த சான்று ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். உடன் பணிசெய்வோர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். வயிற்றுவலி அளவுமீறி உண்டதால் வருவது என்று மட்டுமே கற்ற பிள்ளைக்கு அந்த அக்காமார்களின் வயிற்றுவலியைப் புரிந்துகொள்ளக் கதை ஏதும் இல்லை. அங்கே காரணம் சமையலறையிலும் நிர்வாகத்திலும் இருந்தது. சாலையில் அமர்ந்தவர்கள் உழைச்செல்வாரின் வேலையைச் செய்தனர் என்றே கொள்ள வேண்டும்.

மீனாவும் காமியும்

வேறுவகைக் கதைகள் எழுதப்படாமல் இல்லை. தெற்காசிய நாடுகளுக்கென யுனிசெப் 1990களில் உருவாக்கிய ‘மீனா’ அசைவூட்டப் படங்களில் இந்திய அசைவூட்டக் கலைஞர் ராம் மோகனின் பங்கு பெரிது. மாம்பழத்தைப் பங்கிடும் கதையில் தம்பிக்குப் பெரிய பங்கும் மீனாவுக்குச் சிறிய பங்கும் தரப்படுவது கேள்விக்குள்ளாகிறது. மெலிவுக்குக் காரணம் பெண்பிள்ளையின் நடத்தையன்று, வீட்டின் பங்கீடு என்பது அதில் தெளிவாகிறது. வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் தரும் செய்தியும் இத்தொடரில் உண்டு. அறிவுரை இங்கும் குறைவில்லை. சில இடங்களில் அரசு அறிக்கை வாசிப்பதுபோலவே இருக்கிறது. ஆனால் அது பேணுவோரை நோக்கியது. பிரிட்டனின் ‘பெப்பா பிக்’ தொடரில் சிறு தடிப்புக்கும் இருமலுக்கும் உடனே மருத்துவர் வந்து மருந்து தருவது பெற்றோரின் எதிர்பார்ப்பைக் கெடுக்குமா என்று மருத்துவர் கேத்தரின் பெல் 2017இல் பிரித்தானிய மருத்துவ இதழின் கிறித்துமசு வெளியீட்டில் சற்றே விளையாட்டாகக் கேட்டிருந்தார். அங்கே பெருத்திருப்பது தீர்ப்பான். மீனாவில் பெருத்திருப்பது உழைச்செல்வாள்.

தென்னாப்பிரிக்காவின் ‘டக்கலானி செசமி’ 2002இல் அறிமுகப்படுத்திய காமி என்னும் பொம்மைப் பாத்திரம் இவ்வரிசையில் துணிவானது. எச்.ஐ.வி. தொற்றுள்ள ஐந்து வயதுச் சிறுமி, தாயை இழந்தவள், ஆடிப்பாடுபவள். நோயுள்ள பிள்ளை குணமாகாமலே கதையில் இருக்கலாம், குணமாகாமலே விளையாடலாம் என்று காட்டியது அத்தொடரின் பெருஞ்செயல். ஆயினும் காமிக்குத் தொற்று வந்த வழியாக அத்தொடர் தேர்ந்தது குழந்தைப் பருவத்தில் ஏற்றப்பட்ட இரத்தம். தென்னாப்பிரிக்காவில் தொற்றுள்ள பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் தாயிடமிருந்தே அதனைப் பெற்றவர்கள். அவ்வழியைச் சொல்லியிருந்தால் தாய் எங்கிருந்து பெற்றாள் என்ற கேள்வி எழும். குற்றம் தேடும் கண் அங்கே சென்றுவிடும். அதனைத் தவிர்க்கவே ஊசிமுனை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். குற்றமற்றவள் என்று முதலில் நிறுவப்பட்ட பின்னரே காமிக்கு அன்பு கிடைக்கிறது. “நான் தின்னலக்கா” என்ற சிறுவனின் விடையும் காமியின் பிறப்புக் கதையும் ஒரே விசாரணைக்குத் தரப்பட்ட விடைகள்.

2019 ஆகஸ்டு 26இல் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கு விற்கவேண்டிய பானம் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது பாடங்களை வீட்டுக்குக் கொண்டுசேர்த்த அலைவரிசை அது. மணிமங்கலத்து வரிசை வீடுகளிலும் அப்போது ஓடியது. பாடத்திட்டத்தில் நோய்கள் நுண்ணுயிர்களின் பெயரோடு அட்டவணையாக வருகின்றன. அட்டவணையில் காரணம் சரியாக இருக்கும். நோயுற்ற பிள்ளை இருக்காது, அருகில் இருப்பவரும் இருக்கமாட்டார். வகுப்பில் ஒருவனுக்கு இழுப்பு வந்தால் அவனை நிமிர்த்தி உட்காரவைப்பது, சூழ்ந்து நில்லாமல் காற்றுவிடுவது, அவன் பையில் உறிஞ்சு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது, பெரியவரை அழைப்பது, அவர் வரும்வரை பக்கத்தில் இருப்பது ஆகிய ஐந்தையும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டே சில நிமிடக் காட்சியாக எடுக்கலாம். ஐஸ் தின்றானா என்ற கேள்வி அக்காட்சியில் யாருக்கும் தேவைப்படாது.